மூடி தட்டையாக இருக்கணும்

மேட்டுப்பாளையத்தில் ஏறினதிலிருந்து என் மடியையே பார்த்துக்கொண்டு வர்றீங்களே அக்கா, இது என்ன சாமான் என்று கண்டுபிடித்துவிட்டீங்களா?

கண்டக்டருக்கும் தெரியவில்லை. "என்னம்மா அது, பழைய அடுப்பா?" என்று லக்கேஜ் டிக்கெட் கிழிக்கப் பார்த்தார். அடுப்பு இல்லைங்க, கார் சாமான் என்றேன். மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம், கீழே வைத்தால் வேண்டும் என்றார். அதனால் மடியில் இது, இதன் மேல் என் மகள் நேத்ரா. நல்லவேளை தூங்கிவிட்டாள். தலை உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, எச்சில் பட்டால் தள்ளிவிடுங்க, தப்பாக நினைக்கமாட்டேன்.

இதற்குப் பெயர் ஏர் பில்டர் பெட்டி. என்ஜினுக்குப் போகிற காற்று முதலில் இதற்குள் வரும். உள்ளே விசிறி மாதிரி மடித்த காகிதம் ஒன்று இருக்கும். அதில் தூசியை விட்டுவிட்டுச் சுத்தமாகப் போகும். வண்டிக்கு இதுதான் மூக்கு என்று எங்கள் மெக்கானிக் போஜன் அண்ணன் சொன்னார். எங்கள் வண்டிக்கு மூக்கு உடைந்து பத்து நாளாகிறது.

இதற்காகக் காலையிலிருந்து நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறேன். கார் சாமான் வாங்க ஒரு பொம்பளை எதற்கு வருகிறாள் என்று நாலு கடையிலும் நினைத்தார்கள், இரண்டு கடையில் வாய்விட்டே கேட்டார்கள். என் வீட்டுக்காரர் லோகநாதன்தான் டிரைவர். சொந்த வண்டி நின்றுபோனதால் வேறொருத்தர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருக்கிறார், ஒரு நாள்கூட நகர முடியவில்லை. "நீயே போய் வாங்கிட்டு வா சுகந்தி, எது தோதுப்படும்னு உனக்குத்தான் தெரியும்" என்றார். பெருமைக்குச் சொல்லவில்லை, வண்டி விஷயத்தில் என் அறிவின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் அந்தப் பெட்டி எதனால் உடைந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கோத்தகிரியில் இறங்கிவிட்டால் நீங்கள் யாரோ நான் யாரோ, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இட்லி மாவு வைத்து உடைந்தது.

ஆமாம், மாவுதான். அந்த முகத்தை மாற்றிக்கொள்ளுங்க, முதலில் இருந்து சொல்கிறேன்.

எனக்கு அன்னூர்ப் பக்கம் கிராமம். ராத்திரி மாவு ஆட்டி வைத்தால் விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும், அதுதான் எனக்குத் தெரிந்த மாவு. கல்யாணம் முடித்து கோத்தகிரி வந்தது மார்கழி மாதம். வந்த மறுநாளே ஆசையாக ஆட்டி வைத்தேன். காலையில் திறந்தால், ராத்திரி எப்படி வைத்தேனோ அப்படியே இருக்கிறது. கை விட்டுக் கலக்கின தடம்கூட மாறவில்லை. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றி எடுத்தேன். என் நாத்தனார் அன்றைக்கு வந்திருந்தாள். ஒரு இட்லியை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டினாள். டொக் டொக் என்று கேட்டது. "அண்ணி, இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வண்டியை மேட்டில் நிறுத்தும்போது டயருக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றாள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? எட்டு இட்லி சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எழுந்து போய்க் கை கழுவினார். திட்டியிருந்தால் அழுது தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். எட்டுக் கல்லைத் தின்றுவிட்டு ஒரு மனுஷன் பேசாமல் துண்டில் கை துடைத்தால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அதற்கப்புறம் நான் செய்யாத வித்தை இல்லை. கம்பளி சுற்றினேன். வெந்நீர் அண்டாவில் இறக்கினேன். பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிட்டு வைத்தேன், பட்டுச் சேலைக்கு வெந்தய வாசம் ஏறினது, மாவு ஏறவில்லை. இவள் பிறந்த பிறகு, பிள்ளைச் சூடு நல்ல சூடுதானே என்று ஒரே போர்வைக்குள் பக்கத்தில் படுக்கவைத்தேன். உதைத்துவிட்டாள். மெத்தையைக் கழுவிக் காயவைக்க நாலு நாள் ஆயிற்று, கோத்தகிரி மார்கழி வெயிலுக்கு.

வழி காட்டினது பக்கத்து வீட்டுப் பூனை. இவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த டீசல் வண்டியை வாங்கினார். பழசுதான், ஆனால் அவருக்கு அது உயிர். யாரும் சாய்ந்து நிற்கக்கூடாது, கதவைப் பட்டென்று சாத்தக்கூடாது, உள்ளே உட்கார்ந்து கடலை தின்னக்கூடாது. ஒரு சவாரிக்காரர் பானெட் மேல் பையை வைத்தார் என்று அவரை இறக்கிவிட்டே வந்துவிட்டார். தினமும் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ்களை அவரவர் வீட்டில் விட்டுவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வருவார். அவர் உள்ளே வந்ததும் அந்தப் பூனை ஓடிவந்து பானெட் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஒரு நாள் விரட்டப் போனேன். கை வைத்தால், தோசைக்கல் இறக்கி வைத்த மாதிரி கதகதவென்று இருக்கிறது.

அடிப்பாவி, இவ்வளவு சூடு வாசலில் நிற்கிறது, நான் பீரோவுக்குள் பல்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பானெட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் கம்பியும் குழாயும். நடுவில் மட்டும் கறுப்பாக, தட்டையாக, பலகை போட்ட மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. என்னிடம் ஒரு அகலமான சம்படம் உண்டு, நாலு விரல் உயரம்தான் இருக்கும், முறுக்கு போட்டு வைக்க எங்கள் அம்மா கொடுத்தது. அதைக் கொண்டுவந்து வைத்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பானெட்டும் இடிக்காமல் மூடினது. காலையில் எடுத்துத் திறக்கிறேன் அக்கா, மாவு மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மேலே குமிழ் குமிழாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இட்லி எப்படி வந்தது என்று கேட்கவேண்டியதில்லை. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர்கள் ஆறு பேர் எங்கள் தெருவில் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். எல்லோரும் கீழ்நாட்டுக்காரர்கள், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர்கள். ஒரு நாள் ஒரு டீச்சருக்கு நாலு இட்லி கொடுத்தேன். மறுநாள் ஆறு பேரும் வாசலில் நிற்கிறார்கள். அன்றையிலிருந்து தினமும் காலையில் அறுபது இட்லி அவர்களுக்கு, மதிய டப்பாவுக்கும் சேர்த்து. நானாகச் சம்பாதிக்க ஆரம்பித்தது அதில்தான். "கோத்தகிரியில் இப்படி மாவு எப்படிப் பொங்குது சுகந்தி?" என்று கேட்பார்கள். கைராசி என்று சொல்லிவிடுவேன்.

இவருக்கு மட்டும் தெரியக்கூடாது. பை வைத்த ஆளையே இறக்கிவிட்டவர், மாவுச் சம்படம் என்றால் என்ன ஆவார்? நல்லவேளை, கவனம் பத்தாத மனுஷன். அதனால் ஒரு வருஷமாகத் தப்பித்தேன். ஆனால் அவருடைய சில பழக்கங்கள் இருக்கின்றனவே, அதில்தான் எனக்கு எரிச்சல். முன்பெல்லாம் வந்ததும் வண்டியை அணைத்துவிடுவார். இப்போது வாசலில் நிறுத்திப் பத்து நிமிஷம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறார். கேட்டால் பேட்டரிக்கு நல்லதாம். டீசல் விற்கிற விலைக்கு. அப்புறம் குன்னூரில் இருந்து நல்ல தடிமனான கம்பளி ஒன்று வாங்கி வந்தார், எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். "பானெட்டுக்கு. பனியில பெயிண்ட் வெளுத்துடும்" என்றார். வண்டி வாங்கின நாளாக வெளுக்காத பெயிண்ட் இப்போது வெளுக்கிறதாம். இரண்டு வருஷமாக ஒரு சால்வை கேட்டுக்கொண்டிருக்கிறேன் நான்.

காலையில் இருமல் வேறு. எழுந்து கதவைத் திறக்கிறதற்கு முன்னால் உள்ளேயே நின்று ஐந்து நிமிஷம் இருமுவார், தெருவே கேட்கும். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றால் போகமாட்டார். எனக்கு அது ஒரு விதத்தில் வசதி, அவர் இருமி முடிப்பதற்குள் சம்படத்தை எடுத்துச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். ஒரு தடவை ஏர்போர்ட் சவாரி, விடியுமுன்னே கிளம்பவேண்டும். என்னை எழுப்பி, "வண்டி எடுக்கப் போறேன், ஏதாச்சும் எடுக்க வேண்டியது இருந்தா எடுத்துக்கோ" என்கிறார். "வண்டியில என்னோடது என்ன இருக்கு?" என்று கேட்டேன். "குடை கிடை" என்றார். குடை வீட்டிலேதான் இருந்தது. அப்படி ஒரு ஞாபக மறதி. ஆனாலும் நான் போய்க் குடை தேடுகிற சாக்கில் சம்படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவள்தான் ஒரு நாள் காட்டிக்கொடுக்கப் பார்த்தாள். அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டு, "வண்டி தூங்குது, மாவும் வண்டிக்குள்ள தூங்குது" என்கிறாள். நான் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தேன். அவர், "ஆமா சாமி, சத்தம் போட்டா எந்திரிச்சுக்கும்" என்றார். குழந்தை உளறலுக்கு அவரும் சேர்ந்து உளறினார். அத்தோடு போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது குஞ்சப்பனைதானே, இனி வளைவாக வரும், நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்க.

அறுபது இட்லி என்றதும் பழைய சம்படம் பத்தவில்லை. அதே உயரத்தில் இன்னும் அகலமாகக் கனமான சம்படம் ஒன்று வாங்கினேன். அதுதான் வினை. தினம் தினம் சூட்டில் இளகின பிளாஸ்டிக், மேலே இத்தனை கனம். பெட்டி மூடி கொஞ்சம் கொஞ்சமாகக் குழி விழுந்தது. எனக்குத் தெரிந்தது, ஆனால் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பத்து நாளைக்கு முன்னால் ஒரு காலை, சம்படத்தைத் தூக்குகிறேன், மூடியின் ஒரு மூலை விரிந்து கிடக்கிறது. மாவும் பொங்கி வழிந்து அந்த விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது. மேலே மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டுப் பானெட்டைச் சாத்திவிட்டேன். அவர் இருமி முடித்துவிட்டார், நான் என்ன செய்ய?

அன்றைக்கே அரவேணு மேட்டில் வண்டி கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்தார்கள். போஜன் அண்ணன் எங்கள் வாசலிலேயே திறந்தார். நான் டீ கொடுக்கிற மாதிரி பக்கத்தில் போய் நின்றேன். பெட்டியைத் திறந்தவர் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"லோகு, இது என்னப்பா, வெள்ளையாக் காஞ்சு கிடக்கு?"

இவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "குருவி எச்சமாட்டம் இருக்குதுங்கண்ணா."

"பானெட்டுக்குள்ளயா? குருவி சாவி போட்டுத் திறந்துச்சா?" சொல்லிவிட்டு விரலால் சுரண்டி மோந்து பார்த்தார். அது போதாதென்று நுனி நாக்கில் வைத்தார். "புளிக்குது."

இவர் அப்போதுதான் பேசினார். "போன வாரம் ஒரு சுண்ணாம்பு லாரி பின்னாடியே மலை ஏறினேன். அதுதான் பறந்து வந்து உள்ள போயிருக்கும்."

"சுண்ணாம்பு புளிக்குமா?"

"பனியில நனைஞ்சா புளிக்கும்."

"இது ஒரு வெந்தயம்" என்று போஜன் அண்ணன் எதையோ நகத்தில் எடுத்துக் காட்டினார்.

"அதே லாரியில மளிகையும் ஏத்தியிருந்தான்" என்றார் இவர்.

போஜன் அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீயைக் குடித்தார். இவர் எவ்வளவு வெள்ளந்தி பாருங்க. எதைப் பார்த்தாலும் தானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு அதையே நம்பிவிடுவார். அந்த நேரத்தில் அப்படி ஒரு லாரியை மலை ஏற்றிவிட்ட தெய்வம் எதுவோ, அதற்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் இல்லை. உண்மை தெரிந்தால் இவர் அடிப்பாரா, திட்டுவாரா, ஒன்றும் செய்யமாட்டார். அந்த எட்டு இட்லியைத் தின்ற மாதிரிப் பேசாமல் இருந்துவிடுவார். அதைத்தான் அக்கா என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது.

வண்டி நின்றது, மாவும் நின்றது. பத்து நாளாக நான் கொடுக்கிற இட்லியை டீச்சர்கள் மரியாதைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். நேற்று ஒரு டீச்சர் மெதுவாகச் சொன்னார்கள், "சுகந்தி, கடையில பாக்கெட் மாவு வருதாம். திங்கட்கிழமை வரைக்கும் பாக்கிறோம், அப்புறம் நாங்களே ஊத்திக்கலாம்னு இருக்கோம், வருத்தப்படாதே." வருத்தப்படாதே என்று சொன்னால் யார் வருத்தப்படாமல் இருப்பார்கள்? இன்றைக்குச் சனிக்கிழமை. இன்றைக்குப் பெட்டி மாட்டினால், நாளை ராத்திரி மாவு வைத்தால், திங்கள் காலை இட்லி. கணக்கு அவ்வளவுதான்.

போஜன் அண்ணன் மூன்று வழி சொன்னார். கம்பெனிப் பெட்டி புதுசாக வாங்கலாம், டூப்ளிகேட் வாங்கலாம், உடைக்கிற வண்டியிலிருந்து பழசு எடுக்கலாம். "எதுவானாலும் மூடி இறுக்கமா உட்காரணும். மயிரிழை சந்து இருந்தாலும் தூசி உள்ள போகும், என்ஜினைத் தின்னுடும்." இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மூடி தட்டையா இருக்கணும்" என்றார்.

"தட்டையா இருந்தா என்ன, மேடா இருந்தா என்ன? மேல ஏறி உட்காரப் போறியா?"

"துடைக்கச் சௌகரியம்" என்றார்.

துடைக்கிறதில் இவருக்கு அப்படி ஒரு பைத்தியம். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டாரே என்று.

காலண்டர் தாளை விரித்துப் பழைய பெட்டியை அதன் மேல் வைத்து, போல்ட் வருகிற மூன்று ஓட்டையையும் பென்சிலால் குத்தி எடுத்துக்கொண்டேன், ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரி. சம்படத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதல் கடை பெரிய கடை, கண்ணாடிக் கதவு. கம்பெனிப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். பளபளவென்று இருக்கிறது, மூடி நடுவில் முதுகு மாதிரி ஒரு மேடு. இப்போது வருகிறதெல்லாம் இப்படித்தானாம். பையிலிருந்து சம்படத்தை எடுத்து அதன் மேல் வைத்தேன். தொட்டால் போதும், தொட்டில் மாதிரி ஆடுகிறது.

கவுண்டரில் இருந்தவர், "மேடம், என்ன பண்றீங்க?" என்றார்.

"சமமா இருக்குதான்னு பாக்கறேன்."

"அது சமமா இருக்க வேண்டியதில்லைங்க மேடம், காத்துப் போனாப் போதும்."

"உங்களுக்குப் போதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கடையில் டூப்ளிகேட். மூடி தட்டைதான், மனசு நிறைந்து போயிற்று. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன், பூரி மாதிரி அமுங்கி மேலே வந்தது. "நூத்துக்கு நூறு ஒரிஜினல் குவாலிட்டி சிஸ்டர்" என்கிறார். நான் படித்த பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். மழைக்கு முன்னால் எங்கே ஒழுகும் என்று பார்க்க, எங்கள் வாத்தியார் கதவு சன்னலை எல்லாம் சாத்தச் சொல்லி, வெயில் எங்கே பொட்டாக விழுகிறதோ அங்கே ஓடு மாற்றச் சொல்லுவார். நான் போனில் டார்ச்சைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்து, கிளிப்பை எல்லாம் மாட்டி மூடினேன், முந்தானையால் பெட்டியையும் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு பார்த்தேன். சுற்றிலும் கோடு போட்ட மாதிரி வெளிச்சம். "உங்க நூத்துக்கு நூறு ஒழுகுதுங்க" என்றேன். அவருக்கு நான் என்ன செய்கிறேன் என்பதே புரியவில்லை. கடையில் நின்ற இன்னொருத்தர் மட்டும் தான் வாங்கின பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது கடைக்காரர் பெட்டியே வேண்டாம் என்றார். கூம்பு மாதிரி ஒன்றைக் காட்டி, இதை நேராக மாட்டினால் வண்டி சும்மா சிங்கம் மாதிரி உறுமும் என்றார். குழந்தை தூங்குகிற வீட்டில் சிங்கம் எதற்குங்க என்று கேட்டேன். கூம்பு மேல் சம்படம் எங்கே உட்காரும் என்று கேட்கவில்லை.

நாலாவதுதான் ஹனீபா பாய். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடம் வைத்திருக்கிறார். எங்கள் வண்டி மாதிரியே இரண்டு நின்றது, இரண்டிலும் பெட்டி உடைசல். திரும்பிவிடப் பார்த்தேன். "இரும்மா" என்று உள்ளே போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதே என்ஜின்தானாம், முன்னால் வந்த வண்டிக்குத் தகரத்திலேயே போட்டார்களாம், கனம் என்று பிற்பாடு பிளாஸ்டிக்காக்கிவிட்டார்களாம். காலண்டர் தாளை வைத்தேன், இரண்டு ஓட்டை சேர்ந்தது, ஒன்று கட்டைவிரல் அகலம் தள்ளி நின்றது. ஒரு பட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார். டார்ச் போட்டுப் பார்த்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, கிணற்றுக்குள் பார்த்த மாதிரி இருட்டு. ஏறி நிற்கலாம் போல உறுதி. கடைசியாகத்தான் சம்படத்தை எடுத்து வைத்தேன்.

பாய் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அப்புறம் சம்படத்தின் மூடியை எடுத்து மோந்தார். "மாவா?"

தலையை ஆட்டினேன். மூன்று கடையில் கேட்காத கேள்வி, இவர் கேட்டதும் மறைக்கத் தோன்றவில்லை.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"டிரைவருங்க. அவருக்குத் தெரியாதுங்க."

"டிரைவரு. பானெட்டுக்குள்ள தினமும் ஒரு சம்படம். அவருக்குத் தெரியாது" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், தோள் துண்டால் கண்ணைத் துடைக்கிற வரைக்கும் சிரித்தார். எதற்கு அப்படிச் சிரித்தார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கேட்ட விலையிலிருந்து தானாகவே குறைத்துக்கொண்டார், அதனால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இருங்க அக்கா, போன் அடிக்கிறது. அவர்தான்.

சொல்லுங்க. ஆமா, குஞ்சப்பனை தாண்டிட்டோம். தூங்கறா. கிடைச்சுது. இல்லைங்க, பிளாஸ்டிக் இல்லை, தகரம். ஆமா, நல்ல கெட்டித் தகரம். ஆமா, தட்டைதான். என்னது? கேக்கலை, வளைவுல சிக்னல் போகுது. நாளைக்கா? நாளைக்கு எதுக்கு? சரி. சரி, வைங்க.

பார்த்தீங்களா. தகரம் என்றதும், "தகரம்னா சூடு நல்லா நிக்குமே" என்கிறார். என்ஜினுக்குச் சூடு ஆகாதே என்று பயம் வந்துவிட்டது போல. அப்புறம் தட்டைதானே, தட்டைதானே என்று இரண்டு தடவை. அந்தத் துடைக்கிற பைத்தியம். அப்புறம் என்னவோ, இன்றைக்கே பெட்டியை மாட்டிவிடலாம், நாளை ராத்திரி நர்ஸ் சவாரிக்கு நம் வண்டியையே எடுக்கிறேன், திங்கட்கிழமைக்கு ஒன்றும் கவலைப்படாதே என்கிறார். திங்கட்கிழமையில் அவருக்கு என்ன கவலை? ஞாபக மறதி என்று சொன்னேனே, தேதி, கிழமை எதுவும் அவருக்கு நிற்பதில்லை.

என்ன சொன்னீங்க? அவருக்குத் தெரிந்திருக்குமா?

போங்கக்கா. உங்களுக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வருஷத்தில் ஒரு நாளாவது வாய் தவறிச் சொல்லியிருக்கமாட்டாரா? அந்த வண்டி மேல் ஈ உட்கார்ந்தால் துண்டை எடுக்கிற ஆள். சொந்தத் தங்கச்சி சாய்ந்து நின்றதற்கு முகத்தைச் சுளித்தவர். அதற்குள் ஒருத்தி புளித்த மாவை வைக்கிறாள் என்று தெரிந்தும் சும்மா இருப்பாரா, அதுவும் பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு, கம்பளி போர்த்தி... பேட்டரிக்குத்தான் அக்கா அது. அவரே சொன்னாரே.

நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். இதோ அரவேணு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

எனக்கு இப்போது ஒரே ஒரு பயம். ஸ்டாண்டில் இவர் மட்டும் நிற்கமாட்டார், போஜன் அண்ணனும் வந்திருப்பார். புதுசு கிடைக்கும்போது இந்தப் பழைய தகரத்தை எதற்கு இத்தனை தூரம் சுமந்து வந்தாய் என்று அவர் கேட்பார். இவருக்கு எதிரில் கேட்பார். எனக்கோ பொய் சொல்ல வராது, முகத்திலேயே தெரிந்துவிடும். நீங்கள் கண்ணாடி போட்டிருக்கிறீங்க, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிறது, உங்கள் பேச்சு எடுபடும். என்னோடு சேர்ந்து இறங்குங்க. கடையில நானும் பக்கத்திலேயேதான் நின்னேன், மேட்டுப்பாளையம் முழுக்கத் தேடியாச்சு, இது ஒண்ணுதான் இருந்துச்சு என்று போஜன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க அக்கா. சொல்லும்போது இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதீங்க.